பிரிஜ்ஜுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்குமா?

2025 நவம்பர் ‘டித்வா’ வெள்ளத்துக்குப் பின் புத்தளம் கடைத்தெருவில் என்னிடம் பலரும் கேட்டது இதுதான். வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி தீ, திருட்டு போன்ற திடீர் இழப்புகளுக்கே. வெள்ளமும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நமது உப்புக் காற்றில் துருப்பிடித்து நின்றுபோன மெஷினுக்கு ஒரு சதமும் கிடைக்காது.

சிக்கல் தொகையில்தான். 8 இலட்ச ரூபா பெறுமதியான சாமான்களை 4 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 1 இலட்ச ரூபா நட்டத்துக்குப் பெரும்பாலும் 50,000 ரூபாவே தருவார்கள். கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் நானும் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டவன்தான்.

வீட்டில் இருந்தாலும், ஐஸ் விற்கும் பிரீஸர் வியாபாரப் பொருள். அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காவிட்டால் பணத்தை மறுக்க இடமுண்டு. பற்றுச்சீட்டின் பிரதியொன்றைக் கடையிலும் வையுங்கள்.