நோயுற்றார் அருகே யார் இருக்கிறார்?

காய்ச்சல் கண்ட சிறுவன் பள்ளிக்குச் செல்லாது வீட்டில் படுத்திருக்கிறான். தந்தை தோல் பதனிடும் ஆலைக்கும், தாய் காலணித் தொழிற்சாலைக்கும் சென்றுவிட்டனர். மருந்தைக் கொடுத்த பாட்டி தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குச் செல்கிறார். மாலைவரை அப்பெட்டிக்கு ஓய்வில்லை. வாலாஜாபேட்டை முதல் ஆம்பூர் வரை பல இல்லங்களில் இது வழக்கமான காட்சி. கோடை விடுமுறையிலோ, வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்ட பிள்ளைகள் அனைவருக்கும் இதுவே பொழுதுபோக்கு.

இப்பழக்கம் பழமையானதன்று. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, மாலையில் சில மணி நேரமே ஒளிபரப்பு இருந்தது. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் பகலில் வந்தன. 1989-இல் தூர்தர்ஷன் பிற்பகல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி உதயமாயிற்று. பின்னர் நண்பகல் நேரம் நெடுந்தொடர்களின் வசமாயிற்று. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஏழையர் இல்லங்களிலும் பெட்டி இடம்பெற்றது.

இதனைத் தீமை என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. 2020-இல் ஊரடங்கு நாட்களில் கல்வித் தொலைக்காட்சி பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டியது. ஆலயம் செல்ல இயலாதோர் திருப்பலியையும் தொலைக்காட்சியிலேயே கண்டனர்.

தொலைக்காட்சியின் பாதுகாவலியாகத் திருச்சபை தந்திருப்பவரும் ஒரு நோயாளியே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அசிசி நகர்ப் புனித கிளாரா ஏறத்தாழ 28 ஆண்டுகள் நோயுற்றிருந்தார். 1252-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் சகோதரிகள் வழிபாட்டிற்குச் சென்றுவிட, அவர் படுக்கையில் தனித்திருந்தார். அவ்வேளையில், தொலைவிலிருந்த ஆலயத்தின் வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. இதனை நினைந்தே பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது யாது? கிளாரா தம் உள்ளம் ஏங்கியதையே கண்டார். கண்ணில் பட்டதையெல்லாம் அன்று. காட்சி முடிந்தபின், திரும்பி வந்த சகோதரிகளிடம் அதனை எடுத்துரைத்தார். கேட்க அவர்களும் அருகிருந்தனர். நம் நோயாளிகளுக்குக் காட்சி குறைவில்லை. கண்டதைக் கேட்பார்தாம் இல்லை.

நாட்கூலியை இழக்க இயலாமல் வேலைக்குச் செல்லும் தாயை யார் குறை கூறுவர்? ஆயினும் அவர் மாலையில் வந்து படுக்கையருகே பத்து நிமிடம் அமர்ந்து, "இன்று என்ன பார்த்தாய் கண்ணா?" என்று வினவலாம். எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதைக் காலையிலேயே பிள்ளையோடு பேசி முடிவு செய்யலாம். காய்ச்சலுக்கு முதல் மருந்து உறக்கம். அதைத் தொடர்கள் பறித்தலாகாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பிள்ளைகளின் நன்மைக்காகச் சில வேளைகளில் பெட்டியை நிறுத்திவிடவும் வேண்டும் என்பதைப் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1994-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் நினைவூட்டினார்.

படுக்கையிலுள்ள முதியோரையும் மறவாதிருப்போம். ஆளரவம் வேண்டியே அவர்களுள் பலர் பெட்டியை ஓடவிடுகின்றனர். விடுமுறையிலுள்ள பிள்ளைகளை ஒரு மணி நேரம் அவர்களிடம் அனுப்புங்கள். பேரப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் பாட்டியின் கை தானாகவே பெட்டியை நிறுத்துவதைக் காண்பீர்கள்.