கட்டில் பாடுது, கேளுங்க!

எங்கள் அம்மாவுக்கு 1962-ல் கல்யாணம். ஆனைமலைப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த சீர்வரிசையில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அம்மிக்கல்லோடு ஒரு ஈட்டி மரக் கட்டிலும் வந்தது. அண்டாவையும் விளக்கையும் பிற்பாடு அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். கட்டிலைத்தான் யாராலும் அசைக்க முடியவில்லை. நிஜமாகவே அசைக்க முடியவில்லை. தூக்க நாலு ஆள் வேண்டும்!

பொள்ளாச்சி வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கோயமுத்தூர் ஃப்ளாட்டுக்குக் கூட்டி வந்தபோது கட்டிலும் கூடவே வந்தது. லிஃப்ட்டில் நுழையவில்லை. படிக்கட்டில் திரும்பவில்லை. கடைசியில் கீழே கார் ஷெட்டில், என் பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் செட்டில் ஆனது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அம்மா முறைத்த முறைப்பில் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அப்போதுதான் அக்கா பையன் வந்து நின்றான். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை.

"மாமா, அந்தக் கட்டில் எனக்கு வேணும்."

"ஏண்டா, படுக்கவா?"

"இல்ல மாமா... அறுக்க!"

கிடார் செய்யப் போகிறானாம். சொந்தக் கையால், அம்மாயி கட்டிலில்!

"ஏஞ்சாமி, உங்க அப்புச்சி படுத்த கட்டலை ஒடச்சு வெறகாக்கப் பாக்கறயா?" என்று அம்மா ஆரம்பித்தாள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை. எட்டாம் நாள் கையெழுத்தாகாத குறையாக ஒப்பந்தம் முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். துண்டு துணுக்கு கூட வீணாகக் கூடாது.

கிடாருக்கும் ஈட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் உங்களை மாதிரிதான் கேட்டேன். பையன் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

கிடார் என்பது ஒரு மரப்பெட்டி. கம்பி கட்டியிருக்கிற முன்பக்கம் முகப்பலகை. அதற்கு ஸ்ப்ரூஸ் மாதிரி லேசான, குளிர்ப்பிரதேசத்து மரம். முதுகுக்கும் விலாவுக்கும் கனமான மரம். அந்தக் காலத்தில் முதுகு என்றால் பிரேசில் நாட்டு ஈட்டிதான் உசத்தி. வெட்டி வெட்டியே தீர்த்துவிட்டார்கள். கட்டையாக வெளியே அனுப்பக் கூடாதென்று 1960-களின் கடைசியில் பிரேசில் கதவைச் சாத்த, அமெரிக்காவில் 1833-லிருந்து கிடார் செய்கிற மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் வேறு மரம் தேடியது. கிடைத்தது எது தெரியுமா? நம்ம ஊர் ஈட்டி! நீலகிரி, வயநாடு, ஆனைமலைக் காடுகளில் நிற்குமே, சில இடங்களில் தோதகத்தி என்பார்களே... அதேதான்.

1992-ல் பிரேசில் ஈட்டியின் சர்வதேச வியாபாரத்துக்கு 'சைட்டிஸ்' ஒப்பந்தம் கிட்டத்தட்ட முழுப் பூட்டே போட்டது. 2017-ல் ஈட்டி வகையறா மொத்தத்துக்கும் கெடுபிடி. கிடாரோடு ஃப்ளைட் ஏறுகிற வித்வான்கள் எல்லாம் நடுங்கிப் போனார்கள். 2019-ல்தான், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1994-ம் வருஷத்துச் சட்டம் என்று தனியாக ஒன்று போட்டார்கள்.

"அதனாலதான் மாமா, பழைய கட்டில். இதுக்காக ஒரு மரமும் புதுசா சாகல. அறுபது வருஷம் காஞ்ச மரம் வேற!"

சொல்வது சுலபம். மர அறுவை மில்லில் கட்டிலைப் பார்த்ததும், "ஆணி இருக்குங்க, பிளேடு போயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்து ஆணி பிடுங்கினான். நானும் உதவி செய்தேன். அதாவது, டார்ச் பிடித்தேன்.

மூன்றாவது ஞாயிறு, தலைமாட்டுப் பலகையில் ரம்பம் இறங்கியது. மேலே ஒரே கறுப்பு, அறுபது வருஷ எண்ணெயும் அழுக்கும். உள்ளே பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக ஓடுகிறது! கூடவே ஒரு வாசனை, இனிப்பாக, லேசாக ரோஜா மாதிரி. ரோஸ்வுட் என்று இங்கிலீஷ்காரன் சும்மா பேர் வைக்கவில்லை. அந்தத் தூள் எனக்கு மூக்கில் ஏறி அடுக்குத் தும்மல். ஈட்டித் தூள் சிலருக்கு ஆகாதாம். மாஸ்க் கட்டாமல் கிட்டே வராதே என்று துரத்தினான்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் மாஸ்க் போட மறுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கட்டல் புதுசா வந்தப்ப வூடு பூரா இந்த வாசந்தான்!"

பலகையை நடுவே பிளந்து, புஸ்தகத்தை விரிக்கிற மாதிரி விரித்து ஒட்டினான். இடது பக்கத்துக் கோடும் வலது பக்கத்துக் கோடும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. அதுதான் கிடாரின் முதுகு. அதை இழைத்து இழைத்து ரெண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தான். எட்டணா நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன்!

வில்லங்கம் விலாவில் வந்தது.

கிடாருக்கு இடுப்பு உண்டே... அந்த வளைவை அறுத்து எடுப்பதில்லை, மரத்தை வளைத்தே கொண்டுவர வேண்டும். ரெண்டு மில்லிமீட்டர் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, நெருப்பில் காய்ந்த இரும்புக் குழாய்மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். சூட்டில் மரம் இளகிக் கொடுக்கும். அவசரப்பட்டால் சொல்லாமல் உடையும். கட்டிலின் பக்கச் சட்டத்திலிருந்துதான் விலாப் பட்டை எடுக்க வேண்டும். அதில் நாலு அங்குலத்துக்கு ஒரு ஆணி ஓட்டை! ஓட்டை இல்லாமல் தேறியது மூணே மூணு பட்டை. தேவை ரெண்டு.

முதல் பட்டை. 'உஸ்ஸ்' என்று ஆவி. தோள் வளைந்தது. இடுப்பு வந்தது. "வந்துருச்சு மாமா" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை...

'டப்!'

இடுப்பில் சரியாக ஒடிந்தது. ஷெட்டில் யாரும் பேசவில்லை. பையன் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியமில்லை. அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "எத்தனை மிச்சமிருக்கு?"

"ரெண்டு அம்மாயி."

"எத்தனை வேணும்?"

"ரெண்டு."

"அப்பறமென்ன? காப்பி குடிச்சுட்டு வா."

காப்பி குடித்தான். அன்றைக்கு மறுபடி குழாயைத் தொடவில்லை. பத்து நாள் வேண்டாத மரத்தில் பழகினான். கட்டில் பட்டைகளை இன்னும் கொஞ்சம் இழைத்துக்கொண்டு, நனைப்பதைக் குறைத்து, சூட்டைக் கூட்டி, இடுப்பிலிருந்து ஆரம்பித்தான். ரெண்டும் வந்தன. அக்கா மருதமலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம், பிறகுதான் சொன்னாள்.

முகப்பலகை மட்டும் வெளிநாட்டு ஸ்ப்ரூஸ், காசு கொடுத்து வரவழைத்தது. அதன் அடிவயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சட்டம் ஒட்ட வேண்டும். ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். மூன்று மில்லிமீட்டர் பலகையில் ஒரு முழு ஆள் தொங்குகிற கணக்கு! சட்டம் மெலிந்தால் பலகை வயிறு தள்ளும், தடித்தால் சத்தம் செத்துவிடும். ஆகவே கொஞ்சம் சீவுவது, விரலால் தட்டுவது, காதில் வைத்துக் கேட்பது, மறுபடி சீவுவது. பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, அந்தக் கதைதான்.

பெட்டியை மூட நேரம் பார்த்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் மரம் உப்பும். அப்படியே ஒட்டினால் சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளந்துவிடும். ஈரப்பதம் பாதிக்குக் கீழே இறங்கட்டும் என்று சுவரில் ஒரு மீட்டரை மாட்டி, மூன்று வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒடிந்த பட்டையும் வீணாகவில்லை. சின்னதாக நறுக்கி, கிடாரின் தலைப்பகுதிக்கு முகமாக ஒட்டிவிட்டான். கட்டில் காலிலிருந்து, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ்.

மழை ஓய்ந்ததும் பெட்டியை மூடினான். பாலிஷ் காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் என் காதோரமாக ஒரு குண்டு போட்டான்.

"மாமா, நெஜத்தச் சொல்லட்டுமா? முதுகு எந்த மரம்ங்கறது சத்தத்துக்குப் பெருசா முக்கியமே இல்ல."

"என்னடா சொல்றே?"

இங்கிலாந்தில் லான்காஸ்டர் யுனிவர்சிட்டிக்காரர்கள் 2018-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ராஜர் பக்நால் என்கிற கைவினைஞர் ஆறு கிடார் செய்துகொடுத்தார். எல்லாம் ஒரே அச்சு. முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ஈட்டி, நம்ம இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிடார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டி, மங்கல் வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். எது உசத்தி? மார்க்கில் பெரிய வித்தியாசமே இல்லை. எது எந்த மரம் என்று நம்பிச் சொல்லவும் முடியவில்லை!

இதிலும் முன்னோடிகள் உண்டு. ஸ்பெயினில் டோரஸ் என்ற மேதை, 1862-லேயே முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து காட்டினார். முகப்பலகைதான் கிடாரின் உயிர் என்று நிரூபிக்க. அந்த அட்டைக் கிடார் பார்சிலோனா மியூசியத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பாப் டெய்லர் 1995-ல், லாரியில் சரக்கு அடுக்குகிற பழைய மரத்தட்டை உடைத்து ஒரு கிடார் செய்தார். மரம் என்ன மரம், கைதான் கை என்று சொல்வதற்காக!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! இது தெரிஞ்சுமா கட்டிலை அறுத்தே?"

பதில் சொல்லாமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

கம்பி கட்டிய அன்றைக்கு வீடு நிறைய ஜனம். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வருகிற அந்த கிடாரைத் தட்டுத்தடுமாறி வாசித்தான். தட்டுத் தடுமாற்றம் அவனுடையது. சத்தம் சுத்தம்! அம்மா கிட்டே வந்து கிடாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"அதிருதே!"

பையன் அவளிடமும் ஒளிக்கவில்லை. "அம்மாயி, வேற மரத்துல பண்ணியிருந்தாலும் இதே சத்தந்தான் வந்திருக்கும்."

"அப்ப வேற மரத்துல பண்ண வேண்டியதுதான? எங்க கட்டலை எதுக்குக் கேட்டே?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா விடவில்லை. அவன் தலையைத் தடவியபடி எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள்:

"உங்கப்பன் பொரண்டு படுத்தா ராத்திரி பூரா கிறீச்சு கிறீச்சுன்னு கத்தும் அந்தக் கட்டலு. தூங்க விடாது. அறுவது வருசங் கழிச்சு இன்னைக்குத்தான் ஒழுங்காப் பாடுது!"