மஸ்கட்டிலிருந்து வந்தவர், பாஸ்டனிலிருந்து வந்தவர்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எங்கள் ஊரான காஞ்சிபுரத்துக்காரர். ஓமானிலிருந்து திரும்பியிருந்த அவருக்குத் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7-ஆம் தேதி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சில நாட்களிலேயே குணமாகி வீடு திரும்பிவிட்டார். ஊருக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் குணமாகவில்லை. முந்தைய ஆடியில் அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ஊர் இது. அதே ஊரில் ஒருவர் தும்மினால் அடுத்தவர் தெருவின் எதிர்ப்பக்கம் போனார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றாலே பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்டுப் பழகிய வாய், மூச்சில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்க ஆரம்பித்தது.

200 வருஷத்துக்கு முன்னால் நிலைமை தலைகீழ். நோய் இங்கே இருந்தது. வெளிநாட்டுக்காரர் அதற்குள் வந்து விழுந்தார்.

1819 ஜூன் 8 அன்று பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. நியூயார்க்கில் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஜான் ஸ்கடர் என்ற டாக்டர், மனைவி ஹேரியட்டோடும் கைக்குழந்தை மரியாவோடும் அதில் ஏறியிருந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் மிரன் வின்சுலோ. 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதிக்குச் சொந்தக்காரர். இவர்கள் போகவேண்டிய இடம் யாழ்ப்பாணம். ஆனால் கப்பல் கல்கத்தாவில் நின்றபோதே மரியா இறந்துபோனாள். ஊழியம் தொடங்கும் முன்பே ஒரு பிள்ளை போயிற்று. பிறகு பிறந்தவற்றிலும் சிலவற்றைச் சிசுவிலேயே பறிகொடுத்தார்கள்.

அவர்கள் வந்த நேரம் அப்படி. 1817-இல் வங்காளத்தின் ஜெசோர் பக்கம் கிளம்பிய காலரா அடுத்த வருஷமே சென்னைக்கு வந்து, இலங்கைக்கும் தாவியிருந்தது. இந்தியாவைத் தாண்டிப் பல நாடுகளுக்குப் பரவிய முதல் காலரா அது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி வைத்த ஸ்கடரின் பெட்டியில் என்ன இருந்திருக்கும்? அந்தக் காலத்து மேல்நாட்டு டாக்டர் காலராவுக்குக் கொடுத்தது கலோமெல் என்கிற பாதரச உப்பு, அபினி, பிராந்தி; கூடவே ரத்தம் எடுக்கக் கத்தி. வாந்திபேதியில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துபோகிறவனிடமிருந்து ரத்தத்தையும் வடித்தார்கள்! போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தாலே பெரும்பாலோர் பிழைப்பார்கள் என்பது தெரிய இன்னும் வெகுகாலம் ஆனது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டதே 1880-களில்தான். அமெரிக்க டாக்டரும் ஊர் நாட்டு வைத்தியரும் அந்த நோய்க்கு முன்னால் ஒரே கட்சி. மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மதிப்பு வருவது இங்கேதான். கையில் மருந்தே இல்லாத டாக்டர் ஊரைவிட்டு ஓடவில்லை.

1836-இல் ஸ்கடர் சென்னைக்கு மாறினார். ஹேரியட் 1849-இல் சென்னையிலேயே இறந்தார். பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். மகன்களில் ஒருவரான சைலஸ் 1866-இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி திறந்தார். காஞ்சிபுரம் அவர்கள் எல்லைக்குள் இல்லை. இங்கே இருந்தது ஸ்காட்லாந்துக்காரர்களின் மிஷன். ஜான் ஆண்டர்சனின் 1839-ஆம் வருஷப் பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. ஆனால் படிக்க ஆண்டர்சன் என்றால் பெரிய வியாதிக்குப் பாலாற்றை ஒட்டி மேற்கே போவது எங்கள் பக்கத்து வழக்கமாகிவிட்டது. இப்போதும் ‘வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க’ என்று சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். ஆண் டாக்டரிடம் பெண்களைக் காட்ட மறுத்த மூன்று வீடுகள், ஒரே ராத்திரியில் திண்டிவனத்தில் இறந்துபோன மூன்று பெண்கள், அதைப் பார்த்து டாக்டராக முடிவெடுத்த ஐடா என்கிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்த தேதியைப் பாருங்கள்: 1918 ஆகஸ்ட் 12. ஜூனில் பம்பாயில் இறங்கியிருந்த இன்ஃப்ளூயன்சா, செப்டம்பர்–அக்டோபரில் இரண்டாவது அலையாக நாட்டையே புரட்டியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு. எலும்பின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்த பெண்களைச் சுற்றி அதுதான் நடந்துகொண்டிருந்தது. 1922-இல் அவர்களில் 14 பேர் தேறி டாக்டர்களானார்கள். என் கணக்கில், வெளியிலிருந்து வந்த டாக்டர் குடும்பத்தின் காலம் முடியத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

ஸ்கடர் வீட்டுப் பிள்ளைகளைப் பத்து வயதை ஒட்டி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள், படிப்புக்காக. ஆரம்ப காலத்தில் ஒரு கடிதம் போய்ச்சேர நாலைந்து மாதம். ஐடாவையும் சிறுமியாகச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அம்மா இந்தியா திரும்பினார். அன்று அம்மாவின் தலையணையில் முகம் புதைத்து அழுததைச் சாகும்வரை அவர் மறக்கவில்லை என்பார்கள். இன்று பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறவள் தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறாள். 2020-இல் அந்த முகம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. விமானம் நின்றுபோனது, மே மாதம் வந்தே பாரத் விமானங்கள் வந்த பிறகும் வார்டில் லீவு கிடைக்கவேண்டும். அப்பா செத்த காரியத்தைப் போனில் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

ஊருக்குள் இருந்தவர்கள் பாடு வேறு. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று வண்டியில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அதை எப்படிக் கேட்பது? கோர்வைச் சேலைக்கு ஊடை நூலை ஓட்ட மூன்று நாடா: இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. தறியில் உட்கார்ந்த நெசவாளியின் கை மறு ஓரத்து நாடாவுக்கு எட்டாது. அதை ஓட்டப் பக்கத்திலேயே ஒரு துணையாள் உட்காரவேண்டும், முழங்கை இடிக்கிற தூரத்தில். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டுவதென்றால் இன்னும் பல கைகள் வேண்டும். கூலிக்கு வந்த துணையாள் வராமல் போனதும் பெண்டாட்டியோ ஸ்கூல் மூடிய பையனோ அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அதுவும் வீட்டில் நூல் இருந்தவரை. சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றான பிறகு முகூர்த்தப் பட்டு எடுக்க யார் வருவார்கள்? செப்டம்பர் 1 வரை பெரிய கோயில்களுக்குள்ளும் பக்தர்களை விடவில்லை. அந்த வருஷ வைகாசி கருட சேவை தெருவுக்கு வரவில்லை. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன.

மருந்து இல்லாத டாக்டரையும் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் விட்டார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு கிறிஸ்தவ டாக்டரை, நோயாளிகளுக்காகவே வாழ்ந்தவரை, புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு இடத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விரும்பிய கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற மனைவி நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. 2021-இல் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. காலராக் காலத்திலும் பயம் இதைவிடக் குறைவாக இருந்திருக்காது. ஆனால் கல்லெறிந்தவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. நோய் எப்படிப் பரவுகிறது என்று அதில் எல்லாம் போட்டிருந்தது.

வேலூரில் இப்போது வெள்ளைக்கார டாக்டர் அபூர்வம். அங்கே குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்து ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கு உழைத்த ககன்தீப் காங், கொரோனா காலத்தில் நாடே உட்கார்ந்து கேட்ட குரல். நர்ஸ்களோ இங்கிருந்து வெளியே போகிறார்கள்; அனுப்பிவைக்க அரசே ஒரு நிறுவனம் நடத்துகிறது. சம்பளத்துக்காகப் போகிறவர்களை யாரும் மிஷனரி என்று சொல்வதில்லை. நான்கு தலைமுறையில் நாற்பது பேருக்கு மேல் இந்தியாவில் உழைத்த ஸ்கடர்களுக்குத் தனி வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது. அவர்கள் கடிதம் எழுதினார்கள், யாரோ பத்திரப்படுத்தினார்கள். கொரோனா வார்டில் நின்ற எங்கள் பக்கத்து நர்ஸின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் வாட்ஸாப் குரல் பதிவுகளைத் தேடவேண்டியிருக்கும். பழைய போனை மாற்றும்போது அதில் பாதி போயிருக்கும்.