அன்று செக்ரோல், இன்று கணினித் திரை

மலேசியாவின் செரண்டா வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர் ஓங்கியிருந்த காலத்தில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். காலை ஆள்கணக்கான பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனவர்கள் வெயில் ஏறுமுன் நானூறு, ஐந்நூறு மரங்களில் பால் வெட்டியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முற்பகலில் தோளில் காண்டாக் கம்பு போட்டுப் பால் வாளிகளை ஸ்டோருக்குத் தூக்கி வருவார்கள். தோட்ட எழுத்தரான கிராணி பாலை அளந்து, மெட்ரோலக் கருவியை அதில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துக் கணக்கில் எழுதுவார். தண்ணீர் கலந்திருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறியதுதான் கூலி. வெட்டியவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தோட்டப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்று அளப்பதே தொழிலாக அமையலாம். கணினிச் செயல்திறன் ஆலோசகர் என்பது அப்படியொரு வேலை. வங்கியின் செயலி ஏன் திணறுகிறது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் அது படுத்துவிடும் என்று அளந்து சொல்பவர் அவர்.

மலேசியாவின் முதல் கணினி 1966இல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்தது. ஐபிஎம் 1401 ரகம். அந்த ரகத்தின் நினைவகம் அதிகம் போனால் 16,000 எழுத்துகளைத் தாங்கும். இன்று 8 ஜிபி நினைவகம் உள்ள கைப்பேசி அதைப்போல் ஐந்து இலட்சம் மடங்கு கொள்ளும். அன்று இயந்திரம் விலை உயர்ந்தது. வேகம் போதாவிட்டால் நிரலைச் சீர்செய்வார்கள், வேலைகளை இரவுக்குத் தள்ளுவார்கள். புதிய இயந்திரம் வர மாதக்கணக்கில் ஆகும். இன்று மேகக் கணினியில் சில நிமிடங்களில் பத்து வழங்கிகளைக் கூட்டிவிடலாம். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகக் கணினி மையங்களைத் திறந்துவிட்டது. காத்திருப்பு போயிற்று, கூடவே, கோளாறின் வேரைத் தேடும் பொறுமையும் குறைந்தது.

ஆனால் கூட்டினால் மட்டும் வேகம் வராது. இதைக் கணக்காக நிறுவியவர்களில் ஒருவர் நீல் கன்தர். கோட்பாட்டு இயற்பியல் படித்து, ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பணிபுரிந்து, 1994இல் சொந்த ஆலோசனை நிறுவனம் தொடங்கியவர். ஓர் எல்லைக்கு மேல் இயந்திரங்களைக் கூட்டினால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதிலேயே நேரம் கழிந்து மொத்த வேலை குறையவும் கூடும் என்பது அவருடைய விதி. இன்னும் எளியது ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய கணக்கு: வினாடிக்கு 200 பேர் வந்து, ஒவ்வொருவருக்கும் 3 வினாடி பிடித்தால், எந்நேரமும் உள்ளே 600 பேர் இருப்பார்கள். அதே வேலைக்கு 30 வினாடி பிடித்தால் 6,000 பேர்.

2021 மே 26 நண்பகலில் அஸ்ட்ராஜெனிகா கோவிட் தடுப்பூசிக்குப் பதிவு திறந்தபோது நாடே இணையத்தில் முண்டியது. பலருக்குப் பக்கம் திறக்கவில்லை. அதற்குப் பொறுப்பான அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். லிட்டிலின் கணக்கு யாருக்குத் தேவை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

தோட்டமும் பழையபடி இல்லை. பிராங் பெசார் ரப்பர் தோட்டம் புத்ராஜெயா ஆனது. பக்கத்திலேயே 1997இல் சைபர்ஜெயா எழுந்தது. செரண்டா பக்கம் சுங்கை சோவில் பெரோடுவா கார்கள் உருவாகின்றன. விடுதலையின்போது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. அன்று லயத்து வீடுகளில் யார் எந்த நிரையில் வெட்டுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்பதற்கு மேல் அம்மாவால் சொல்ல முடிவதில்லை. வருமானமும் மரியாதையும் கூடின. வேலையை ஊரே பார்த்த காலம் போயிற்று.

செயல்திறன் ஆலோசகர் தொழிலுக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. நிரலராகவோ தரவுத்தள நிர்வாகியாகவோ சில ஆண்டுகள் கழித்து, அளக்கும் பழக்கம் வந்தவர்களே பெரும்பாலும் இதற்கு வருகிறார்கள். அடிப்படை, கணிதம். படிவம் நான்கில் கடினம் என்று பயந்து கூடுதல் கணிதத்தைக் கைவிடும் நம் பிள்ளைகளிடம், பெற்றோரும் ஆசிரியரும் ஒரு வார்த்தை பேசட்டும். அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.