ஞாலம் அளக்க இரு கோல்

1690ஆம் ஆண்டு ஆங்கிலேய வணிகக் குழுமம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, அதனைச் சூழ்ந்த நிலத்தின் எல்லையைப் பீரங்கியே வகுத்தது. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழும் தொலைவுக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் குழுமத்துக்கு என்பது உடன்பாடு. வாங்குவோருக்கு இதைவிட ஆதாயமான அளவுகோல் வேறு இல்லை!

ஒரு நூற்றாண்டு கழித்து இதே வட்டாரத்தில் நிகழ்ந்த அளவை முற்றிலும் வேறு தரத்தது. 1802ஆம் ஆண்டு ஏப்பிரலில் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். அதன்மேல் முக்கோணங்களை ஒன்றோடொன்று கோத்துச் சோழமண்டலக் கரையை அளந்தார். அவ்வளவையின் தென்முனை, தேவனாம்பட்டினத்துக்குச் சற்று மேற்கே உள்ள திருவந்திபுரம். வடமுனை சென்னைக்கும் வடக்கே. இரு முனைகளிலும் அதே விண்மீன்கள் தலையுச்சியிலிருந்து எத்தனை பாகை விலகிக் கடக்கின்றன என்று பார்த்தார். வேறுபாடு 1 பாகை 34 கலை 56 விகலை. நிலத்தின்மேல் தொலைவு ஏறத்தாழ 175 கி.மீ. இவ்விரண்டையும் கொண்டு 360 பாகைக்குக் கணக்கிட்டால் ஞாலத்தின் சுற்றளவு 39,800 கி.மீ. அளவில் வரும். 40,000ஐ எட்டாமல் நிற்பது பிழையன்று. ஞாலம் துருவங்களில் சற்றே தட்டையானது. ஆதலால் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஒரு பாகையின் நீளம் குறைகிறது. லாம்டன் காண விரும்பியதும் அந்தக் குறைவைத்தான். அவர் கையாண்ட சங்கிலியும் உச்சிக்கோணக் கருவியும் சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, அங்கே மதிப்புப் பெறாமல் இந்தியாவுக்கு வந்தவை என்பது தனிக்கதை.

அந்த அளவையின் சாரத்தை, பேரரசர் பரிசு ஏதுமின்றி, ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் தம் வகுப்பில் நிகழ்த்திக் காட்டலாம். ஒரு கோலும் நண்பகல் நிழலும் போதும். நிழல் கொண்டு அளப்பது நமக்குப் புதிதன்று. ஞாயிறு எப்பக்கமும் சாயாத உச்சிப்பொழுதில் கோல்நிழல் பார்த்துத் திசை தேர்ந்து மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. ஆயினும் ஞாலத்தை அளக்க ஓர் ஊரின் நிழல் போதாது. வடக்கிலோ தெற்கிலோ வேறோர் ஊரில் வேறோர் ஆசிரியர் அதே நாளில் அளக்க வேண்டும். வகுப்பறைச் செய்முறைகளில் பெரும்பாலானவற்றை மற்ற ஆசிரியரோடு பகிர்வது நம் விருப்பம். இதிலோ பகிராவிட்டால் விடையே இல்லை.

எதைப் பகிர்வது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஆசிரியரிடையே கைமாறும் செய்முறைத் தாள்களைப் பாருங்கள்: தேவையான பொருள்கள், படம், முடிவு. அவ்வளவே. செய்தவர் எங்கே தடுமாறினார் என்பது தாளில் ஏறுவதில்லை. என் கணிப்பில் ஏற வேண்டியது அதுதான்.

நிழலின் நுனியை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு ஒரு புள்ளியன்று; அரைப் பாகை அகல ஒளித்தட்டு. ஆதலால் ஒரு மீட்டர் கோலின் நிழல் நுனியில் ஏறக்குறைய 9 மி.மீ. அளவுக்கு மங்கல் படரும். கடலூர் ஆசிரியர் மங்கலின் நடுவிலும் கன்னியாகுமரி ஆசிரியர் கருநிழலின் விளிம்பிலும் குறியிட்டால், வேறுபாடு நாலரை மி.மீ. இவ்விரு ஊர்களின் அகலாங்கு வேறுபாடு 3.66 பாகையே, அதில் இப்பிழை ஞாலத்தின் சுற்றளவை 2,500 கி.மீ.க்கு மேல் கூட்டியோ குறைத்தோ விடும். இருவரும் கருநிழல் விளிம்பையே குறித்திருந்தால்? இருவரின் கோணமும் ஒரே அளவு பிழைபடும். நிழல்கள் ஒரே திசையில் விழும் நாளில், கழிக்கும்போது பிழையும் ஏறத்தாழக் கழிந்துபோகும். ஒத்துப்போன பிழை தீங்கு செய்வதில்லை; சொல்லாமல் விட்ட வேறுபாடே கெடுக்கிறது.

கோலின் சாய்வு இன்னும் கொடியது. ஒருவர் கோல் தெற்கிலோ வடக்கிலோ ஒரே ஒரு பாகை சாய்ந்தால் போதும், ஞாலம் 31,000 கி.மீ. ஆகச் சுருங்கும், அல்லது 55,000 ஆகப் பருக்கும். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை மணல் கண்ணுக்கு இனியதாயினும் இவ்வேலைக்கு ஆகாது. பள்ளித் தாழ்வாரத்து வெளித்தரையே நன்று. அதையும் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இவ்விரு இடரையும் ஒருங்கே தீர்க்க ஓர் அஞ்சலட்டை உண்டு. அட்டையின் நடுவில் கோணி ஊசியால் துளையிட்டு, கோலின் தலையில் கிடைமட்டமாக ஒட்டுங்கள். நிழலின் நடுவே ஒரு சிறு ஒளிவட்டம் தரையில் விழும். அது ஞாயிற்றின் உருவமே. மங்கிய நுனியைத் தேடுவதைவிட வட்டத்தின் நடுவைக் குறிப்பது எளிது. பிறகு அத்துளையிலிருந்தே தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளியிடுங்கள். புள்ளியிலிருந்து வட்டத்தின் நடுவரை உள்ள நீளத்தைத் துளையின் உயரத்தால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜெண்ட் (tan) கிடைக்கும்; அதிலிருந்து கோணத்தைப் பெறலாம். கோல் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை; அது இப்போது அட்டையைத் தாங்கும் கால் மட்டுமே.

நேரத்தையும் கடிகாரத்திடம் விடக்கூடாது. சம இரவு நாளான மார்ச்சு 20ஐ ஒட்டி, தேவனாம்பட்டினத்தின் உச்சிப்பொழுது பிற்பகல் 12.18 அளவில், கன்னியாகுமரியில் 12.27 அளவில். இருவரும் கைப்பேசியில் ‘பன்னிரண்டு’ என்று ஒத்துக்கொண்டு அளந்தால் இருவரின் அளவும் உச்சிப்பொழுதுக்கு உரியதன்று. ஒவ்வொருவரும் தம் ஊரில் நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கொள்ள வேண்டும். நிழல் வடக்கே விழுந்ததா தெற்கே விழுந்ததா என்பதும் தாளில் இருக்கட்டும்: ஞாயிறு இரு ஊர்களுக்கும் இடையே நிற்கும் நாள்களில் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

இத்தகைய பகிர்வுக்கு முன்னோடி உண்டு. 1948ஆம் ஆண்டு யுனெஸ்கோ, போரில் ஆய்வுக்கூடங்களை இழந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்க்கென ஒரு சிறு நூல் வெளியிட்டது. கிடைக்கும் பொருளைக் கொண்டு கருவி செய்யும் வழிகளே அதன் உள்ளடக்கம். 1956இல் வந்த பெரிய கையேட்டுக்கு அதுவே வித்து. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வரும் ‘துளிர்’ இதழும் இத்துறையில் உழைத்தவை. உச்சிப்பொழுதில் ஞாயிறு நேர் தலைக்குமேல் நிற்கும் நிழலில்லா நாளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றதில் அவ்வியக்கத்துக்குப் பங்குண்டு.

கடலூருக்கு அந்நாள் ஏப்பிரல் 20, 21 ஆகிய நாள்களை ஒட்டியும், ஆகத்து 21, 22ஐ ஒட்டியும் வரும். முன்னது ஆண்டுத்தேர்வுக் காலம். ஆகவே ஆகத்தே வசதி. அன்று தேவனாம்பட்டினம், நிழல் கொண்டு ஞாலத்தை அளந்த பண்டைக் கிரேக்க அறிஞர் எரத்தோசுதெனீசின் சையீன் நகரத்துக்கு நிகர்: இங்கே கோணம் சுழி, இணை ஊரில் மட்டும் அளந்தால் போதும்.

இணை ஊர் எது? கன்னியாகுமரி தொலைவானது, ஆதலால் ஒரு மி.மீ. பிழைக்கு 600 கி.மீ. அளவே இழப்பு. ஆனால் அது தென்மேற்கே சாய்ந்திருக்கிறது. தென்வடல் தொலைவான 405 கி.மீ.யைக் கொள்ளாமல், நிலப்படத்தில் நேர்கோட்டுத் தொலைவான 470 கி.மீ.யைக் கொண்டால் சுற்றளவு 46,000ஐத் தாண்டும். மாணவர் பெரிதும் தவறக்கூடிய இடம் இதுவே. யாழ்ப்பாணமோ ஏறத்தாழ நேர்தெற்கில், 230 கி.மீ. தொலைவில், ஒரே கடிகார நேரத்தில் இருக்கிறது. உச்சிப்பொழுதும் ஒரு நிமிடமே முந்தும். அண்மையில் இருப்பதால் ஒரு மி.மீ. பிழை அங்கே 1,100 கி.மீ. ஆகும் என்பதே குறை. துளையை மூன்று மீட்டர் உயரத்தில், மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் அதுவும் மூன்றில் ஒரு பங்காகும். தேவனாம்பட்டினத்தில் ஒளிவட்டம் தூக்குக்குண்டின் நேர்கீழே விழும் நாளில், யாழ்ப்பாணத்து ஆசிரியரின் தரையில் அது மீட்டருக்கு 3.6 செ.மீ. வீதம் தெற்கே தள்ளி விழும். மேகம் மறைத்தால் அடுத்த தெளிந்த நாளில் இருவரும் அளந்துகொள்ளலாம்.