கரிசல் காட்டு எந்திரங்கள் – 9: சும்மா நின்ற டிராக்டர்

மணியாச்சியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகிற பாதையின் இருபக்கமும் மானாவாரிக் கரிசல். தை, மாசியில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துவிட்டால் டிராக்டருக்கு வேலை ஓய்ந்துவிடும். சித்திரையில் கோடை மழை விழுந்தால் ஓர் உழவு உண்டு. மழை ஏமாற்றினால் அதுவும் கிடையாது. ஆவணி வரை வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். அதற்கப்புறம் எல்லாமே அவசரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடச் சொல்கிறது கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். மழை இறங்கிவிட்டால் கரிசலுக்குள் சக்கரம் புதையும். அந்த நாள் பார்த்துத்தான் வண்டி மக்கர் பண்ணும்.

உடனே யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பம்ப் போச்சு." பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் எலிமென்ட், நாசில், காலிபரேஷன் என்று பில் ஏறும். மாசியில் நல்லபடியாக ஓடிய பம்ப், சும்மா நின்றதால் தேய்ந்துவிடாது. தேய்மானம் ஓட்டத்தில் வருவது. நிற்பதால் வருகிற கோளாறுகள் வேறு: இறங்கிப்போன பேட்டரி, டீசல் பாதையில் புகுந்த காற்று, டேங்க் அடியில் தேங்கிய தண்ணீர், தூசி, துரு. இவற்றில் பெரும்பாலானவை எஞ்சினுக்கு வெளியே இருப்பவை. ஆகவே வெளியிலிருந்து தொடங்குவோம்.

செல்ஃப் சத்தம்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அதன் கொள்ளளவில் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கும்போது பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அமுங்கிய காற்று ரிங் வழியே கசிந்துவிடும், சூடும் போய்விடும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதென்றால் டீசல் பக்கமே போக வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது ஏறக்குறைய காலி. நம் ஊர்க் கோடையில் சும்மா நிற்கும் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். சேஸியில் எர்த் வயர் மாட்டிய இடத்தைத் துரு போகச் சுரண்டுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள்; ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முறை.

புகை வருகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சரைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. பேட்டரியும் டீசலில் கலந்த தண்ணீரும்தான் முதல் சந்தேகம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அதற்குக் கடம்பூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி இது:

"அண்ணாச்சி, ஸ்பேனரை அப்புறம் எடுங்க. ஸ்டாப் கம்பி பம்புல எங்க நிக்குன்னு பாத்தீயளா?"

எஞ்சினை அணைக்க இழுக்கிற அந்தக் கம்பி, மாதக்கணக்கில் நின்றதில் துருவேறி 'ஸ்டாப்' நிலையிலேயே இறுகியிருக்கும். உள்ளே பட்டனைத் தள்ளினாலும் பம்பில் இருக்கும் லீவர் அசையாது. நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் ஆட்டினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்குப் பம்பையே கழற்றியவர்கள் உண்டு.

ஏர் எடுப்பது

லீவர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் காற்று. வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ், பழைய செம்பு வாஷர் வழியே காற்று புகும். குழாயில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகிச் சில விநாடியில் அணைந்தால் பெரும்பாலும் இதுதான்.

முதலில் பில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழிகளோடு டீசல், கடைசியில் குமிழி இல்லாத கெட்டித் தாரை. அடிப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடுத்துப் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதே வேலை. இன்னும் பிடிக்காவிட்டால் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தண்ணீரும் தூசியும்

அரை டேங்கோடு நின்ற வண்டியில் மீதி அரைப்பங்கு காற்று. அதிலுள்ள ஈரம் இரவில் தகரத்தில் வேர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். பில்டரை அடைப்பது அதுதான். ஏர் எடுப்பதற்கு முன்பே அடிக் கிண்ணத்தைத் திறந்து கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

டேங்க் மூடியின் சிறு துளையையும் மறக்க வேண்டாம். கரிசல் புழுதியோ குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை. வண்டி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது நிற்கவில்லையென்றால் கோளாறு பிடிபட்டது.

இத்தனையும் சரியாக இருந்து வண்டி பிடிக்காவிட்டால் மட்டும் பம்பையும் நாசிலையும் சந்தேகப்படலாம். தண்ணீர் கலந்த டீசல் பம்புக்குள்ளேயே பல மாதம் நின்றிருந்தால் அங்கே துரு ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது, ஈதர் அடிப்பது இரண்டும் வேண்டாம்.

இவ்வளவு பாட்டையும் மாசியிலேயே தவிர்த்துவிடலாம். நிறுத்தும்முன் டேங்கை நிரப்புங்கள். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை வயரை மாட்டி, எஞ்சின் சூடேறும்வரை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இரண்டே நிமிடம் ஓட்டி அணைத்தால் பேட்டரி இறங்குவதுதான் மிச்சம். ஆவணியில் கூலியாள் காத்திருக்க வண்டி நிற்கும் ஒரு நாளோடு பார்த்தால், இந்த டீசல் செலவு ஒன்றுமில்லை.

அடுத்த வாரம்: விதைப்புக் கருவியின் குழாய் அடைத்துக்கொள்வது ஏன்?