போர்முனையிலிருந்து பணிமனைக்கு

ஏறக்குறைய 13 இலட்சம் போர்வீரரைத் தம் ஆணையின்கீழ் வைத்திருந்த ஒருவர், பின்னர் ஒரு வைத்தியரை நியமிப்பதற்கும் விதிப்புத்தகத்தைப் பார்க்க வேண்டியவரானார். அவரே அமெரிக்கச் சேனாதிபதி ஓமர் பிராட்லி.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஐரோப்பியக் களத்தில் புகழ் பெற்ற அவர், 1945 ஆகஸ்ட் 15ஆந் தேதி சமஷ்டி அரசாங்கத்தின் முன்னாட் போர்வீரர் நிருவாகத்துக்குத் தலைவரானார். அப்பதவியை அவர் விரும்பிக் கேட்டவரல்லர். ஜனாதிபதி ட்ரூமன் வேண்ட, இணங்கினார்.

காயமுற்றுத் திரும்பியோர் அந்நிருவாகத்தின் வைத்தியசாலைகளை நிறைத்தனர். அவற்றுட் பல, மருத்துவக் கல்லூரிகளுக்கு வெகு தொலைவில் இருந்தன. சம்பளமும் குறைவு, நல்ல வைத்தியர்கள் அங்கே செல்லத் தயங்கினர். போர்க்களமாயின், இன்ன இடத்துக்குப் போ என்றால் வைத்தியர் போவார். இங்கோ சிவில் சேவை விதிகள் குறுக்கே நின்றன. சேனாதிபதிக்கு இது எத்துணைக் கசப்பாயிருந்திருக்கும்!

பிராட்லி சட்டத்தின் வாயிலையே நாடினார். ஐரோப்பிய யுத்தத்தில் அமெரிக்கச் சேனையின் பிரதம வைத்தியாதிகாரியாயிருந்த போல் ஹோலியைத் துணைக்கு அழைத்தார். 1946 ஜனவரியில் வந்த சட்டம், வைத்தியர் தாதியர் நியமனத்தை அவ்விதிகளினின்றும் விடுவித்தது. அதே மாதம் வைத்தியசாலைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. பேராசிரியர்கள் நோயாளரைப் பார்வையிட்டனர்; இளம் வைத்தியர்கள் அங்கேயே பயின்றனர்.

புதிய வைத்தியசாலைகள் தத்தம் தொகுதிகளில் அமையவேண்டுமென அரசியல்வாதிகள் கேட்டனர். கல்லூரிகளின் அருகேதான் அமையவேண்டுமென அவர் வாதாடினார். முன்னாட் போர்வீரர் சங்கமொன்றின் தலைவரே அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பாளையத்தில் இது நடக்கிற காரியமா?

சமஷ்டி உத்தியோகத்தை நாடும் இராணுவ அதிகாரிக்கு உயர்ந்த பதவியே சில வேளைகளில் தடையாகிறது. முன்னாட் போர்வீரருக்கு அங்கே நியமனத்தில் முன்னுரிமை உண்டு. ஆயினும் மேஜராகவோ அதற்கு மேற்பட்ட பதவியிலோ இளைப்பாறியவருக்கு, சேவையினால் உடல் ஊனமுற்றிருந்தாலன்றி, இன்றைய சட்டப்படி அது கிடைப்பதில்லை. சிப்பாய்க்கு உள்ள சலுகை கேணலுக்கு இல்லை!

1947 முடிவில் பிராட்லி அப்பணியை விட்டு, அடுத்த ஆண்டு இராணுவத்தின் பிரதானியானார். அவர் காலத்தில் இணைக்கப்பட்ட கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் இன்றும் பிரியவில்லை. அமெரிக்க வைத்தியரிற் பெரும் பகுதியினர் தம் பயிற்சியின் ஒரு பங்கை, முன்னாட் போர்வீரரின் கட்டிலருகே நின்றே பெறுகின்றனர்.